நூல் கடித்த பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "ம்... ம்..." என்று மட்டும் சொன்னதும், "ஏண்டி, அழுறியா?" என்று பதறிவிட்டாய். அழவில்லை அம்மா, நாக்கின் ஓரத்தில் புண்! தண்ணீர் பட்டாலே உயிர் போனது.

எங்கள் தையல் ஃபேக்டரியில் ஆளாளுக்கு வைத்தியர். சூப்பர்வைசர் "தூக்கம் பத்தல" என்றார். ரூமில் இருக்கும் அக்கா "உடம்பு சூடு" என்றாள். பக்கத்து மெஷின்காரி மட்டும், "பொய் சொன்னா நாக்குல புண்ணு வருமாம். வீட்டுக்கு என்ன சொன்ன?" என்று கேட்டாள். நன்றாகச் சாப்பிடுவதாக உன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். "தூக்கமில்லாம, சத்தில்லாம, கவலைப்பட்டு, எப்படி வேணா வாய்ப்புண் வரும். உங்களுக்குப் பல்லோட முனை உடைஞ்சு நாக்கை உரசுது. பல்லால எதைக் கடிக்கிறீங்க?" என்றார்.

"நூலைத்தான். எங்கம்மாவும் அப்படித்தான் அறுப்பாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே முனையைத் தேய்த்துவிட்டார். புண் ஆறிவிட்டது. இப்போது நான் பேசுகிற பேச்சில் அக்கா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

நீயும் உன் பல்லைத் தடவிப் பார். உன் தையல் மெஷின் டிராயரில் நீ தொடாமலே வைத்திருக்கும் இரண்டு சின்னக் கத்தரிகளில் ஒன்றை நீ எடுத்துக்கொள், மற்றதை எனக்கு அனுப்பு. உன் பழைய புடவைத் துண்டில் சுற்றி அனுப்பு, துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன் அம்மா. இந்த முறை வேண்டுமானால் நாக்கை நீட்டிக் காட்டுகிறேன்.

உன் வாயாடி