மண்ணூரில் நாம் குணமாக்காத ஏழு பேர்

இன்று காலை படப்பை ஆலயத்தின் பின்னறையில், விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை நெடி முகத்தில் அடித்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஃபிளானல் துணிப் பலகையில் ஒட்டும் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யோனா இருந்தார், அவரை விழுங்கும் மீனைத்தான் காணோம். நீ இருந்திருந்தால், "இந்த வருசம் அவரு தப்பிச்சாரு" என்று சொல்லியிருப்பாய். நான் தும்மிக்கொண்டே தனியாகச் சிரித்தேன். உதவிக்கு வந்திருந்த இரண்டு ஆசிரியைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மண்ணூரில் நாம் தங்கிய அறையிலும் இதே நெடிதான். வேதாகமக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடை ஊழியப் பயிற்சி என்று நம் இருவரையும் அந்தச் சபைக்கு அனுப்பினார்கள். ஆலயத்துக்குப் பின்னால் சாமான் அறை. அதில் ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், இன்னொரு பக்கம் நாம். பாயை விரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நீ சொன்னாய்: "நாம பூச்சி இல்லன்னு கர்த்தருக்குத் தெரியும். இந்த உருண்டைக்குத் தெரியலியே."

அந்தக் கோடை உனக்கு விளையாட்டு இல்லை. வகுப்பில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உனக்கு வராது. விருந்தினராக வந்த பெரியவர் ஒருவர் தாம் நாற்பது நாள் உபவாசம் இருந்த கதையை உருக்கமாகச் சொன்னபோது, "தண்ணியுமா குடிக்கல?" என்று எழுந்து கேட்டவள் நீ. அதற்குப் பிறகு கல்லூரி முதல்வர் உன்னைத் தனியாக அழைத்து, சபைப் போதகர் தரும் அறிக்கை நன்றாக இருந்தால்தான் மூன்றாம் ஆண்டு, இல்லாவிட்டால் நாகர்கோவிலுக்கு ரயில் என்று சொல்லிவிட்டார். ஊரில் உன் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு அந்த ரயிலுக்காகக் காத்திருந்தார். ஊழியக்காரியாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் நீ ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே மண்ணூரில் வாயே திறப்பதில்லை என்று பேருந்திலேயே எனக்கு வாக்குக் கொடுத்தாய்.

மண்ணூர் பாஸ்டர் நல்ல மனிதர். பட்டியல் போடுவதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் அதிகமான பிரியம். தினமும் பத்து வீடு சந்திக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். யாருக்கு என்ன குறை என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நோயாளிகள் பட்டியலை வாசித்து சபையே ஜெபிக்கும். காலை பத்து மணிக்குக் கிளம்புவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். எட்டாவது வீட்டுக்குப் போகும்போது நம் நாக்கும் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். நீ சங்கீதம் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் உன் நாக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஊரில் நோயாளிகள் அதிகம் என்பதுதான் நாம் கண்டுபிடித்த முதல் விஷயம். பகல் பதினொரு மணிக்கு, நல்ல வாட்டசாட்டமான ஆண்கள்கூட இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். நான் பெரம்பூரில் வாத்தியார் வீட்டுப் பெண். உன் அப்பாவுக்கு ஊரில் மளிகைக் கடை. நம் இருவர் வீட்டிலும் பகலில் யாராவது படுத்தால் அது காய்ச்சல்தான். நோட்டு வேகமாக நிறைந்தது. "இந்த ஊருத் தண்ணியிலதான் ஏதோ கெடக்கு" என்று நீ கவலைப்பட்டாய்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஏழு பெண்கள் இருந்த வீட்டுக்குப் போனோம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து செல்ஃபோன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் செல்வி என்ற பெண் எப்போதாவது ஆலயத்துக்கு வருவாள், அதனால் அந்த வீடும் நம் கணக்கில் இருந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு செல்வி வந்து திறந்தாள். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தது. ஆறு பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். கண்ணின்மேல் ஈரத்துணி, காலில் தைலம். "முடியலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு செல்வியும் போய் ஏழாவதாகப் படுத்துக்கொண்டாள். நீ அவர்கள் நடுவில் முழங்காலிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கும் குரலில் ஜெபித்தாய். ஒருத்தி தலையணையைத் தலைமேல் போட்டு அழுத்திக்கொண்டாள். "வேதனை தாங்க முடியல போல" என்று நீ என் காதில் சொன்னாய். நான் நோட்டில், "ஏழு பேர், படுத்த படுக்கை" என்று எழுதினேன்.

ஞாயிறன்று நீ அதை வாசித்தபோது பெண்கள் பக்கம் முழுக்கக் கண்ணீர். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி எஸ்தரம்மா திங்கட்கிழமையே பெரிய தூக்கில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "இன்னாத்த சொல்றது பாஸ்டர், ஏழு பேரும் கஞ்சியைக் குட்ச்சிட்டு அப்டியே திரும்பப் பட்த்துக்கினாங்க. ஒண்ணுகூடப் பேசல" என்று மூக்கைச் சிந்தினார். புதன்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஏழு பேரும் தலையில் பூவும் கையில் தூக்குமாக கேட்டில் வந்து நின்றார்கள். கழுவிய தூக்கை உன்னிடம் நீட்டி, "கஞ்சி சூப்பர்க்கா. ஆனா எதுக்குக் கொடுத்தாங்கன்னு தெரியல" என்றாள் செல்வி.

"ஒடம்பு இப்பம் எப்படி இருக்கு?" என்றாய்.

"உடம்புக்கு என்னக்கா? அப்போ நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்குனோம். நாளையிலிருந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்."

நீ என்னைப் பார்த்தாய். நான் தூக்கைப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் பாஸ்டரின் கண்ணில் அவர்கள் பட்டார்கள். அவ்வளவுதான், மனிதர் புல்லரித்துப்போய் ஏழு பேரையும் முன்னால் அழைத்து நிறுத்தினார். "போன வாரம் படுத்த படுக்கை, இந்த வாரம் தேவ சமுகம்!" என்று அவர் சொல்ல, சபை கை தட்டித் துதித்தது. செல்வி, "இல்லங்க, நாங்க" என்று தொடங்கினாள், ஆமென் சத்தத்தில் அது கரைந்துபோனது. பிறகு பாஸ்டர் உன்னைக் கைகாட்டி, "முழங்கால்ல நின்ன சகோதரி இப்ப சாட்சி சொல்லுவாங்க. இதை நான் காலேஜுக்கும் எழுதப் போறேன்" என்றார்.

மூன்றாம் ஆண்டு தானாக வந்து உன் மடியில் விழுந்தது. நீ செய்ய வேண்டியதெல்லாம் "கர்த்தர் நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்காருவதுதான். அதில் பொய்கூட இல்லை. நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அதை மட்டும் சொல்லிட்டு வந்துடு" என்றேன். நீ முந்தானையை விடுவித்துக்கொண்டு போனாய்.

"பாஸ்டர் மன்னிக்கணும்" என்று தொடங்கினாய். "இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சீக்கும் கெடையாது. ராத்திரி முழுக்க நின்னு வேல பாத்துட்டு வந்து ஒறங்கிட்டுக் கெடந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் வெவரங்கெட்டதுங்க. கதவத் தட்டி எழுப்பி, கத்தி ஜெபம் பண்ணி, இருந்த ஒறக்கத்தையும் கெடுத்துட்டோம். சாட்சி ஒண்ணும் இல்ல. பிள்ளைங்ககிட்ட மன்னிப்புதான் கேக்கணும்."

பாஸ்டரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது கடைசி வரிசையில் கம்பெனிச் சட்டையோடு இருந்த ஒருவர் எழுந்தார். "பாஸ்டர், எம் பேரும் லிஸ்ட்ல கீது. நானும் நைட்டு ஓ.டி. பாத்துட்டு வந்து தூங்கிக்கினுதான் இருந்தேன். இந்த ரெண்டு பொண்ணுங்களும் வந்து எனக்குப் பேய் கீய் புட்சிருக்குமோன்னு ஜெபம் பண்ணிட்டுப் போச்சுங்க." அவரைத் தொடர்ந்து இன்னொருவர் எழுந்தார், பிறகு மூன்று பேர். நம் நோட்டில் இருந்த நோயாளிகளில் மிஞ்சியது முழங்கால் வலிக்காரப் பாட்டியும், எஸ்தரம்மாவின் சர்க்கரையும்தான். அந்த ஆலயம் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீடு சந்திப்பு மாலை நான்கு மணிக்கு மேல் என்று ஆனது. கடைசி நாளில் பாஸ்டர் ஒட்டிய உறையைக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில், டீக்கடை ஆவியில் காட்டித் திறந்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். "அதுல நல்லதா இருந்தா அப்பறமும் நல்லதாத்தான் இருக்கும்" என்று நீ பையில் வைத்துப் பூட்டினாய். அன்று முழுக்க உன் கை சில்லென்றே இருந்தது. முதல்வர் நம் எதிரிலேயே அதை வாசித்தார்: "உண்மை பேசுகிறார். கேட்காமலே பேசுகிறார். மூன்றாம் ஆண்டுக்கு அனுப்பலாம். என் சபைக்கு வேண்டாம்."

அந்த அறிக்கையை நீ சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். பிறகு பல வருடங்கள் உன் ஊர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நீ ஊழியம் செய்தாய். போன வருடம், ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. நர்ஸைத் திட்டினாய், உப்பில்லாத சோற்றைத் திட்டினாய். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். ஜெபிக்க நான் கண்ணை மூடியதும், "ஏட்டி, சமாதானமாப் போகணும்னு கேட்டுராத. எனக்குப் போக இஷ்டமில்ல. இருக்கணும்னு கேளு" என்றாய். அப்படியேதான் கேட்டேன். கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடக்க ஆராதனையில் பேசியவர், நீ புன்னகை மாறாமல் வேதனையைச் சகித்தாய் என்றும், பரம வீட்டுக்குப் போக ஏங்கினாய் என்றும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அம்மா முன்வரிசையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து என்னை அழைத்தார்கள். நான் எழுதி வைத்திருந்த தாளிலும் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது. தாளை மடித்தேன்.

"அவள் சிரித்துக்கொண்டு சகிக்கவில்லை" என்றேன். "வலிக்கிறது என்று கத்தினாள். அவளுக்குச் சாக விருப்பமே இல்லை."

உன் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா மக்ளே, எம் பிள்ள கத்தினா. நான் கேட்டேன். அத ஒருத்தரும் சொல்லமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்று, அன்று முதல்முறையாக வாய்விட்டு அழுதார்கள்.

மைக்கைப் பிடித்தபோது என் முழங்கால் நடுங்கியது. மண்ணூரில் உனக்கும் நடுங்கியதா என்று நான் கேட்டதே இல்லை. உள்ளதைச் சொல்ல எழும்போதெல்லாம் எனக்கு இப்போதும் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.