யாரும் அழுத்தாத சிவப்புப் பொத்தான்

அன்புள்ள அக்கா,

இந்தத் தாளை யாரிடமும் காட்டிவிடாதே, படித்ததும் கிழித்துவிடு. நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, பதிலுக்கு நீயும் எங்களைக் கேட்பாயே. உறைக்குள் இருக்கும் கடிதம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. எல்லாரும் சுகம், ஆபத்தென்றால் இயந்திரத்தை நிறுத்த நீ செய்து அனுப்பிய சிவப்புப் பொத்தான் அட்டைப்பெட்டி ஆலையில் பிரமாதமாக வேலை செய்கிறது, ஈரத் தலையோடு படுக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள், இப்படிப் போகிறது அது. ஈரத் தலை மட்டும்தான் உண்மை.

அந்தப் பொத்தானை யாரும் அழுத்துவதே இல்லை அக்கா. அது கெட்டுப்போகவில்லை. ஓடுகிற இயந்திரத்தை யார் நிறுத்தினாலும் அங்கே மொத்தப் பேரும் கைதட்டி, "மாப்பிள்ளைக்காக மிஷினே காத்திருக்குது, வழி விடுங்கப்பா!" என்று கத்துவார்கள். அன்று முழுக்க அவர் மாப்பிள்ளைதான். மேற்பார்வையாளராக இருந்துகொண்டு நம் அப்பாதான் முதலில் தட்டுவார், அவர் கேலி உனக்குத் தெரியாதா. செவ்வாய்க்கிழமை அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். என் கண் முன்னாலேயே அவருடைய வலது சட்டைக்கை இயந்திரத்தின் உருளையில் சிக்கியது. பொத்தான் இடது கைக்கு எட்டுகிற தூரம்தான். அவர் அதைப் பார்க்கவில்லை அக்கா, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அப்புறம்தான் சட்டை கிழியக் கிழியக் கையை இழுத்தார். மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது. அம்மாவிடம் சைக்கிளில் விழுந்தேன் என்றார். என்னிடம், "அக்காகிட்ட மூச்சு விடாதே குட்டி, பாவம், ராப்பகலா உக்காந்து செஞ்சிருக்கா, மனசு விட்டுப்போயிடும்" என்றார். அந்த வலியிலும் உன்னைத்தான் நினைத்தார்.

போன கடிதத்தில் இன்னும் பெரிய பொத்தானாக, விளக்கு வைத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். விளக்கு வேண்டவே வேண்டாம், அழுத்தியது யார் என்று இன்னும் பளிச்சென்று தெரியும். அதற்குப் பதில் அப்பாவுக்கு ஒன்று எழுது. தினமும் வேலை தொடங்கியதும் எல்லாரும் ஒவ்வொருவராக அதை அழுத்தி இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பொத்தான் பழுதாகிவிடும் என்று சொல். முதல் ஆள் அப்பாவாக இருக்கட்டும். எல்லாருமே மாப்பிள்ளை ஆகிவிட்டால் யாரை யார் கேலி செய்வது? நான் சொன்னால் சிரிப்பார். நீ சொன்னால் செய்வார், உன் பேச்சென்றால் அவருக்கு அவ்வளவு பெருமை. நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்று மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இடது கையால் தட்டினால் இப்படித்தான் மெதுவாக