முனியாண்டி மரத்து மஞ்சள் துணி

பிரபவ வருஷம், மாசி 9, செவ்வாய்

நல்ல வெயில். ரப்பர்ப் பால் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. காலையில் லயத்து வீட்டு வரிசையின் வாசலைக் கூட்டினேன். மத்தியானம் மறுபடி சருகு.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் மஞ்சள் துணி கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்கு வழி காட்ட மரத்தில் கட்டுவதற்காம். நாலு விரல் அகலம், ஒரு முழ நீளமாகக் கிழிக்கவேண்டும். "தாயம்மாக்கா, ஒங்க கைக்குத்தான் அளவு தப்பாது" என்று சொல்லியனுப்பினாராம். தப்பாதுதான். இந்த லயத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த பொம்பளை நான் ஒருத்தி.

பந்தயம் ரோட்டில் இல்லை. நம் தோட்டத்துக்குள்ளேயே மூன்று சுற்று. மர நிரைக்கு நடுவே, சேறு, தண்ணீர் ஓடும் கான் வாய்க்கால், விழுந்து கிடக்கும் மரம். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். ஈப்போ டவுனில் உள்ள சைக்கிள் சங்கத்தார் நடத்துகிறார்கள். டிக்கெட் விற்று வருவதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஈயச் சுரங்கத்துப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் வாங்கிப் பழக்குவார்களாம். ஜெயிக்கிறவனுக்கு ஒரு வருஷத்துக்குப் புதுச் சைக்கிள். தைப்பிங்கில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கும் அவன்தான் போவான்.

முருகையா ஓட்டுகிறான். செத்துப்போன என் மகளுடைய பிள்ளை. பதினேழு வயது. ஆபீசில் தபால் பை சுமக்கிற வேலை.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி: "பேரன் ஜெயிச்சுட்டா எங்ககூடல்லாம் பேசுவியாக்கா?"
"இப்ப மட்டும் பேசிக்கிட்டா இருக்கேன்?"

கடைசியில் ஒரு துண்டு மிச்சம். பெட்டியில் வைத்தேன்.

மாசி 11, வியாழன்

வெயில். முதுகு வலி. கருவாடு காயப்போட்டது காகத்துக்குப் போயிற்று.

சுங்கை சிப்புட் சைக்கிள் கடை முதலாளி, தவுக்கே என்போம், மகனோடு வந்தான், பந்தய வழியைப் பார்க்க. சீனன்தான், ஆனால் தோட்டத்து வாசல் மளிகைக் கடையில் பிறந்தவன். தமிழ் நம்மைப் போலவே பேசுவான். முருகையாவின் சைக்கிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே பிரேக்குக் கட்டை மாற்றிக் கொடுத்தான்.

"என்னா தவுக்கே, எதிராளிக்கே வேல செய்யற?"
"எம்மவந்தான் ஜெயிப்பான்க்கா. ஒங்க பேரன் ரெண்டாவது வருவான். அதுக்காகக் கால ஒடிச்சிக்கிட்டா வரணும்?"

மகன் ஆ லியோங். பதினெட்டு இருக்கும். கூச்ச சுபாவம். அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றான். போகும்போது கேட்டான்.

"பாட்டி, கடைசிச் சுத்துல வழி மாறும்னாங்க. எங்க மாறும்?"
"துணியப் பாத்துப் போ கண்ணு. நான் கிழிச்ச துணி. தப்பா இருக்காது."

இதை அன்று பெருமைக்குச் சொன்னேன்.

(மேலே உள்ள கடைசி வரி இன்று, 15 திங்கள், எழுதியது.)

மாசி 14, ஞாயிறு

முருகையா ஜெயித்தான்.

தலைவலி. வேறு எழுதவில்லை.

மாசி 15, திங்கள்

மேகம், மழை இல்லை. பாப்பாத்தி பாயசம் கொண்டுவந்தாள். மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நடந்தது. எழுதிவிட்டால் இறங்கும் என்று பார்க்கிறேன்.

தோட்டத்தின் ஏழாம் பகுதி, ஏழாம் காடு என்போம், அதன் முக்கில் பாதை பிரிகிறது. இடது பக்கம் பழைய பாதை, சதுப்புக்கு இறங்கும். அந்த முக்கில்தான் முனியாண்டி மரம். கல்லும் சூலமும் மரத்துக்குப் பின்னால், வெளியாளுக்குத் தெரியாது. நாம் வேண்டிக்கொண்டால் மரத்தில் மஞ்சள் துணி கட்டுவோம். கட்டின பழைய துணியெல்லாம் வெயிலிலும் மழையிலும் நைந்து மரப்பட்டை நிறம் ஆகிவிட்டது.

நான் அந்த முக்கில் நின்றுதான் பார்த்தேன். முதல் சுற்று ஆ லியோங் முன்னால். இரண்டாம் சுற்றும் ஆ லியோங். கானில் சைக்கிளைத் தூக்கிப் பாய்ந்து, ஒரு காலை ஊன்றி, மறுபடி ஏறி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. முருகையா பின்னால், வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து வந்த மிச்சத் துண்டு இடுப்பில் இருந்தது. மஞ்சளில் நனைக்கக்கூட வேண்டாம், ஏற்கெனவே மஞ்சள். ஒரு செம்புக் காசை முடிந்து முனியாண்டி மரத்தில் கட்டினேன். என் பிள்ளையை ஜெயிக்க வை என்று கும்பிட்டேன்.

அதே துணி. அதே அளவு. நானே கிழித்தது. கடைசிச் சுற்றில் வழி மாறும், துணி கண்ட மரத்தில் இடது பக்கம் திரும்பவேண்டும் என்றும் தெரியும். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அஞ்சாம் வகுப்பு.

கடைசிச் சுற்றில் ஆ லியோங் வந்தான். மரத்தைப் பார்த்தான். ஒரு வினாடிகூட யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினான். கீழே கான் சருகு மூடிக் கிடந்தது. சத்தம்தான் கேட்டது.

முருகையா நேரே போனான். கொஞ்சம் தள்ளிக் கிராணியார் கட்டியிருந்த நிஜத் துணியில் திரும்பி, பந்தயம் முடிகிற பால் கொட்டகை வரை போய் ஜெயித்தான்.

ஆ லியோங்கைத் தூக்க எல்லாரும் கீழே ஓடினார்கள். மணிக்கட்டு முறிந்து தொங்கிற்று. அவன் "மஞ்சத்துணி, மஞ்சத்துணி இருந்திச்சி" என்றான். ஈப்போ சங்கச் செயலாளர், நம் தமிழ் ஆள்தான், "வாங்க, பாத்துடுவோம்" என்று மேலே ஏறிவர ஆரம்பித்தார்.

மரத்தருகே நான் மட்டும்.

கை தானாகப் போயிற்று என்று எழுத வந்தேன். தானாகப் போகவில்லை. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். மடியில் சொருகிக்கொண்டேன்.

செயலாளர் வந்து பார்த்தார். பின்னாலேயே ஆ லியோங்கைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். "துணி எங்கடா? குறுக்கு வழியில போயி விழுந்துட்டு, கதை சொல்றியா?"

ஆ லியோங் என்னைப் பார்த்தான். நான் சாட்சி சொல்வேன் என்று பார்த்தான். சேலைத் தலைப்பை இழுத்து முகம் துடைத்தேன்.

எழுதியும் இறங்கவில்லை.

மாசி 16, செவ்வாய்

தூறல். கடையில் வாங்க வேண்டியது: உப்பு, விளக்குத் திரி, முருகையாவுக்குப் பொத்தான்.

குழாயடியில் இரண்டு பெண்கள், நான் வருவது தெரியாமல்:
"சீனப் பையன் குறுக்கால பூந்துட்டானாம்ல?"
"முனி விடுவாரா? தள்ளி விட்டுட்டாரு."
சிரிப்பு. நானும் குடத்தை நிரப்பிக்கொண்டு சிரித்துவைத்தேன்.

புதுச் சைக்கிள் வாசலில் நிற்கிறது. முருகையா தபாலுக்குப் பழையதையே எடுத்துப் போகிறான். "புதுசுல போயேன்டா" என்றால் "சங்கிலி இறுக்கம் பாட்டி" என்கிறான்.

சங்கிலியில் ஒன்றுமில்லை.

மாசி 17, புதன்

மத்தியானம் மழை. தவுக்கே நனைந்துகொண்டே வந்தான். கையில் ஒரு டின் பிஸ்கோத்து.

ஆ லியோங் பேரைச் சங்கம் அடித்துவிட்டதாம். ஏமாற்றினவன், பொய் சொன்னவன் என்று. ஒரு வருஷம் எந்தப் பந்தயத்திலும் வரக்கூடாது. கடைக்கு வருகிறவன் எல்லாம் கேட்கிறானாம். பையன் முன்னறைக்கு வருவதில்லை.

"செயலாளர் ஒங்க ஆளு. தமிழ்ல ஒரு லெட்டர் எழுதணும்க்கா. நான் பேசுவேன், எழுத வராதே. லயத்துக்கே நீங்கதான எழுதித் தாரீங்க."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கண் சரியில்லை என்றேன். "நான் மெதுவாச் சொல்றேன்" என்றான்.

எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல, என் கையால்:

"என் மகன் பொய் சொல்ல மாட்டான். மஞ்சள் துணி பார்த்தேன் என்று சொன்னால் பார்த்திருப்பான். யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யார்மேலும் பழி சொல்லவில்லை. என் மகன் பேரைத் திருப்பிக் கொடுங்கள்."

துணி இருந்த பெட்டிமேலேதான் காகிதத்தை வைத்து எழுதியது.

"படிச்சுக் காட்டுங்க" என்றான். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கீங்கக்கா" என்றான். நாளைத் தபாலில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பிஸ்கோத்து டின்னைப் பரணில் வைத்தேன். கண்ணில் படாத இடமாக.

மாசி 18, வியாழன்

மழை விட்டுவிட்டது.

காலையில் முருகையா தபால் பையோடு நின்றான். "தவுக்கே லெட்டரு எங்க பாட்டி?"
"அப்புறமா எடுத்துக்கலாம், போ."
"அவரு ரோட்டுல என்னையப் பாத்துக் கேட்டாரு."

நான் தடுப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டான். கடிதத்தின் கீழே துணி. காசு முடிச்சு அப்படியே.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தான்.

"நான் பாத்தேன் பாட்டி."
"எத?"
"முனி மரத்துல துணி. வேண்டுதல் துணின்னு தெரியும். நம்ம மரம், எனக்குத் தெரியாதா? அவன் திரும்புனதையும் பாத்தேன். டேய்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பான்."

"ஏன் போடல?"

"நீங்க ஏன் அவுத்தீங்க?"

சட்டியில் சோறு அடிப்பிடித்து நாற்றம் வந்தபிறகுதான் எழுந்தேன். கருகின சோற்றை இரண்டு பேரும் தின்றோம்.

இத்தனை நாள் அவன் என்னால் வெட்கப்படும்படி ஆகுமோ என்று பயந்தேன். அவன் தன்னாலேயே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். அதையும் நான்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

மாசி 19, வெள்ளி

தவுக்கே கடிதத்தின் கீழே மிச்சம் இருந்த இடத்தில் எழுதினது (ஞாபகத்துக்கு):

"மேலே கண்ட கடிதத்தை எழுதின தாயம்மாள் நான். துணி கட்டினவள் நான். வேண்டுதலுக்குக் கட்டினது. பையன் விழுந்தபிறகு அவிழ்த்து ஒளித்தவளும் நான். துணி இதனுடன் இருக்கிறது. பையன் சொன்னது நிஜம்."

கையெழுத்து மூன்று தடவை அடித்து எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற கை.

முருகையா லீவு கேட்டு, கடிதமும் துணியும் எடுத்துக்கொண்டு புதுச் சைக்கிளிலேயே ஈப்போ போனான். சாயங்காலம் ரயிலில் வந்தான். சைக்கிள் இல்லை.

"செயலாளர் என்னா சொன்னாரு?"
"ஆ லியோங் பேரச் சேத்துட்டாங்க. குத்தம் இல்லேன்னு எழுதித் தாராங்க. ஆனா கை கூடணும்ல, தைப்பிங்குக்கு அவன் போக முடியாது."
"நீ?"
"நான் கத்தாம போனதையும் சொன்னேன். இந்த வருஷம் நீயும் வேண்டாம்னாரு."
"அத எதுக்குடா சொன்ன? யாருக்கும் தெரியாதே."

சொன்னபிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்குக் கேட்டது. அவன் குளிக்கப் போனான்.

மாசி 20, சனி

இருட்டிக்கொண்டு வந்தது. குடை எடுக்கவில்லை.

பிஸ்கோத்து டின்னை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் நடந்தேன். ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போகலாம் என்று நினைத்தேன். கடை நிறைய ஆள். அத்தனை பேர் முன்னால்தான் சொல்லும்படி ஆயிற்று. அதுவும் சரிதான்.

தவுக்கே ஒரு சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். நான் வந்ததுமே பக்கத்துக் கடையில் காப்பி சொல்லிவிட்டான், விஷயம் தெரியாமல். காப்பி வந்தது. நான் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். துணி, மரம், முடிச்சு, பல்லால் இழுத்தது. உள்ளறை வாசலில் ஆ லியோங் கையில் கட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து "மன்னிச்சிடு கண்ணு" என்றேன். தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று தெரியவில்லை.

தவுக்கே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்தான்.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதினீங்களேக்கா. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

மறுபடி கம்பி கோக்க ஆரம்பித்தான். டின்னைப் பலகைமேல் வைத்தேன். காப்பி ஆடை கட்டிப்போயிருந்தது. குடியுங்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் தொடவில்லை.