திருப்பிக் கொடுத்த பத்தொன்பது

பாதுவா, ஜூன் 9

மதிப்பிற்குரிய திரு. கார்மினே லக்காவா, திருமதி. லுச்சியா இருவருக்கும்,

நலம்தானே? நான் உங்கள் மகளை அறைக்குள் பூட்டி வைத்திருப்பதாக உங்கள் ஊரில் பேச்சாம். ஈஸ்டர் பண்டிகைக்கு வந்துபோன உங்கள் தங்கை கிளப்பியதாக இருக்கும். அது தவறு. பூட்டியிருப்பது ரொசெல்லாதான், உள்ளிருந்து. இந்த வீட்டில் குளியலறையைத் தவிர வேறெதையும் பூட்ட நான் அனுமதிப்பதில்லை. இதை மட்டும் விட்டுவிட்டேன்.

பொறியியலின் கடைசி ஆண்டான மூன்றாம் ஆண்டு என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக மாணவிகளுக்கு அறை விடுகிறேன், அதனால் சொல்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் தள்ளிவைத்த தேர்வெல்லாம் மூன்றாம் ஆண்டின் தலையில் வந்து உட்காரும். ஒன்று தடுக்கினால் அடுத்ததை எழுத விடமாட்டார்கள். மூன்றே ஆண்டில் முடிப்பவர்கள் சிலர்தான்.

அவளுக்குத் தடுக்கியது கட்டமைப்பியல். சென்ற ஆண்டு பிப்ரவரியில் முப்பதுக்குப் பத்தொன்பது வாங்கினாள். தேறப் பதினெட்டே போதும். ஆனால் மதிப்பெண் பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதலாம். அவள் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "பத்தொன்பதா? இருபத்தேழுக்குக் கீழ எம் பொண்ணு வாங்குனதே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். திருப்பிக் குடுத்துடும்மா" என்றீர்கள், திரு. லக்காவா. கூடத்தில் இருந்த எனக்கே கேட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் என்னிடமும் கேட்டாள். சூப்பை ஊற்றிக்கொண்டே, கன்னியர் மடப் பள்ளியில் நாங்கள் பத்தொன்பதை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்றேன். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு மூன்று முறை எழுதினாள். மூன்றிலும் தோல்வி. இன்னும் இரண்டு தேர்வுகள் அதன் பின்னால் காத்திருக்கின்றன.

ஆகையால் ஜூலை 17 அன்று பட்டம் இல்லை. விழாவுக்கு ஊரிலிருந்து நாற்பது பேர் வரப் பேருந்து பேச வேண்டாம்.

பட்டம் வாங்கும் நாளில் எல்லோருக்கும் பங்கிட நீங்கள் அனுப்பிய ஐந்து கிலோ சிவப்புச் சர்க்கரை பாதாம் அலமாரியின் மேல் இருக்கிறது. பொட்டலம் ஒவ்வொன்றிலும் அவள் பெயரும் அந்தத் தேதியும் அச்சாகியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவள் சமையலறைக்கு வருவதில்லை. தட்டை அவள் அறை வாசலில் வைக்கிறேன். பாதி அப்படியே திரும்பி வருகிறது. "கீழ எறக்கிடட்டுமா?" என்று கதவருகே நின்று கேட்டேன். "எறக்குனா மட்டும் தேதி மாறிடுமா, சிஞ்ஞோரா?" என்றாள்.

இந்தக் கடிதத்தைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். எழுதுங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது தவறு என்று கதவு வழியாகவே சொல்லிவிட்டேன். எழுபத்தெட்டு வயதில் அது எனக்கு எளிதாக இல்லை. கதவு திறக்கவில்லை. என் சொல் போதவில்லை போலும்.

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். எல்லாம் நல்லபடி போகிறது என்பாள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். திரு. லக்காவா, உங்கள் கையெழுத்தில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் பிரிக்க மாட்டேன், கதவின் அடியில் தள்ளிவிடுவேன். தேவமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஒர்சோலா பெத்தெனெல்லா

தபால் வர நான்கு நாளாகும். இந்த வாரமே எழுதுங்கள்.