சத்துக் குறைந்ததற்கே முதல் பரிசு

மார்ச் 4

ரத்தத்தில் பொட்டாசியம் 5.7. சிறுநீரகம் சோம்பேறியாகிவிட்டதாம். ஆறைத் தொட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கணும் என்றாள் டாக்டர். என் பழைய மாணவி.

"காயைப் பொடிசா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு, தண்ணியக் கொட்டிடுங்க டீச்சர். பொட்டாசியம் அதோட போயிடும். மத்த சத்தும் போகும், போகட்டும்."

இருபது வருடமாக மனையியல் வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியது இதற்கு நேர் எதிர். வேகவைத்த தண்ணீரைக் கொட்டுபவள் குடும்பத்துக்கே எதிரி. அதை எழுதித்தான் இவள் பத்துக்குப் பத்து வாங்கினாள்.

வீட்டில் அவரிடம் "கொஞ்ச நாள் பத்தியம்" என்று மட்டும் சொன்னேன். முழுசாகச் சொன்னால் பயந்துபோன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் சாப்பிடுவது?

மார்ச் 5

வகுப்புக்கு நானே போட்ட அட்டவணையைக் கீழிருந்து படித்தேன். நூறு கிராம் வெந்த முட்டைக்கோஸில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இருநூறு மில்லிகிராம். வெந்த காலிஃபிளவரில் நூற்று நாற்பது சொச்சம். காலிஃபிளவருக்கு முதல் பரிசு. வாழ்க்கையில் முதல்முறையாக, குறைந்த மதிப்பெண் வாங்கியவளைத் தட்டிக்கொடுக்கிறேன்.

மார்ச் 8

உப்பில்லாத காலிஃபிளவர். ஈரப் பஞ்சு. காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டு நான் பள்ளிக்கு ஓடுகிறேன். வடிப்பது அவர் பொறுப்பு. சாயங்காலம் அவர் வைத்துத் தரும் சூப்தான் ஒரே ஆறுதல். மனுஷனுக்குக் கைமணம் வந்துவிட்டது.

மார்ச் 18

5.9.

ஏறியிருக்கு. எப்படி? பழம் கிடையாது, உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்த்து இரண்டு வாரம். திருட்டுத்தனமாகத் தின்கிறேனோ என்று டாக்டருக்குச் சந்தேகம். "இன்னும் ஒரு வாரம். இறங்கலேன்னா அட்மிஷன்தான் டீச்சர்."

பயமா இருக்கு. முட்டைக்கோஸிடம் போய் மன்னிப்புக் கேட்கணுமோ?

மார்ச் 19

பள்ளி அரைநாள். சீக்கிரம் வந்தேன். அவர் சூப் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாத்திரம், அதில் மங்கலாக ஏதோ தண்ணீர்.

"இது என்ன?"

"காலிஃபிளவர் வடிச்சது. கொட்டுவேனா? எல்லாச் சத்தும் அதுலதான்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்ற."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து." பெருமையாகச் சொன்னார்.

சொன்னேன். 5.9, ஆறு, ஆஸ்பத்திரி, எல்லாம். அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன் — யாரை? சொல்லாமல் விட்டதும் நான். சொல்லிக்கொடுத்ததும் நான்.

மார்ச் 21

அவர் சமையலறைப் பக்கமே வருவதில்லை. "எதையும் தொடப் பயமா இருக்கு" என்றார். அதோடு சரி. பத்தியம் எனக்கா அவருக்கா? இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

மார்ச் 23

நானே வடித்தேன், நானே கொட்டினேன். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

மார்ச் 26

5.0.

வெளியே நிற்கிறேன் என்றவரை இழுத்துப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவள் தாளை இரண்டு தடவை பார்த்தாள்.

"அட்மிஷன் வேண்டாம். அப்படி என்னத்த மாத்துனீங்க டீச்சர்?"

"வீட்டுக்காரரை."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் சிரித்தது அவர்தான்.