ஒன்பதாம் பக்கத்தில் அப்பா

புவா ரூஜ்,
மார்ச் 6, 2006

மதிப்பிற்குரிய தலைவர் ஆம்ப்ரோஸ் லாரோண்ட் ஐயாவுக்கு,

நேரில் பேசத் துணிவில்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் பட்டம் வாங்கி வந்தும், உங்கள் அலுவலக வாசலில் நின்றால் எனக்குப் பேச வாய் வருவதில்லை.

நீங்கள் எழுதச் சொன்ன கட்சி வரலாறு முடிந்தது, பிரதியை அனுப்பியிருக்கிறேன். 1974இல் ஞாயிறு பூசை முடிந்து, வாழைக்காய்ப் பெட்டி கட்டும் கொட்டகையில் பதினோரு பேர் கட்சி தொடங்கிய கதை ஒன்பதாம் பக்கத்தில். முதல் செயலாளர் என் அப்பா யூஸ்டஸ் லோடா. படுக்கையில் இருப்பவருக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"அன்னிக்கு ஆம்ப்ரோஸுக்கு உக்கார இடமில்லடி. நான் உக்காந்த பெட்டியில பாதி குடுத்தேன். இப்ப பாரு, முழுசும் அவனுக்கே!" என்று சிரித்தார். இருமல் வந்துவிட்டது.

பணிவுடன்,
வெர்லின்

தலைநகர்,
மார்ச் 14

அன்பு மகள் வெர்லினுக்கு,

அழகாக எழுதியிருக்கிறாய். கடவுள், குடும்பம், சொந்த நிலம் என்ற நம் கொள்கை வரிக்கு வரி தெரிகிறது. ஒன்பதாம் பக்கம் மட்டும் வேண்டாம். முதல் செயலாளர் யாரென்று பதிவில்லை என்று போட்டுவிடு. தேர்தல் நேரம் பார். அப்பாவுக்கு என் அன்பு.

ஆம்ப்ரோஸ் லாரோண்ட்

புவா ரூஜ்,
மார்ச் 20

ஐயா,

பதிவு இருக்கிறது. முதல் கூட்டக் குறிப்பு அப்பாவின் கையெழுத்தில் எங்கள் அலமாரியில் இருக்கிறது. 1995 மாநாட்டில், தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கச் சொன்னபோது, அவர் உங்களுக்குத் தூக்காமல், உங்களை எதிர்த்து நின்ற ரோசமண்ட் டீச்சருக்குத் தூக்கினார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு ஒரு அழைப்பும் வந்ததில்லை.

"இந்தக் கட்சிச் சட்டையை எதுக்கு இன்னும் துவைக்கச் சொல்றீங்க? ஒரு கூட்டத்துக்காவது கூப்பிட்டானா அந்த மனுசன்?" என்பாள் அம்மா.

"நான் சேந்தது கட்சியிலடி. அவன்கிட்ட இல்ல" என்பார் அப்பா.

நீங்கள் சொன்னபடி பக்கத்தை எடுத்துவிட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும்.

வெர்லின்

தலைநகர்,
மே 2

அன்பு மகளே,

யூஸ்டஸின் மறைவு கேட்டு நொறுங்கிப்போனேன். சனிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறேன். பெட்டிமேல் கட்சிக் கொடி போர்த்துவோம். நானே பேசுகிறேன், வானொலியும் வரும்.

ஆம்ப்ரோஸ்

புவா ரூஜ்,
மே 3

ஐயா,

அச்சிட்ட புத்தகம் போன வாரம் வந்தது. அப்பா ஒன்பதாம் பக்கத்தைக் கேட்டார். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை மனப்பாடமாகச் சொன்னேன். "குரல் ஏன்டி நடுங்குது?" என்றார். புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை. தெரிந்துதான் பார்க்கவில்லையோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

கொடி வேண்டாம். அம்மா அந்த நீலக் கட்சிச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

இத்தனை நாள் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. எடுத்த பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பேச எழுந்தால், வானொலி கேட்க அதை மட்டும் வாசியுங்கள். முடியாதென்றால், தயவுசெய்து வராதீர்கள்.

யூஸ்டஸ் லோடாவின் மகள்