இறங்கச் சொல்ல ஒரு வார்த்தை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டீ டம்ளரோடு சுவரைப் பார்த்தபடி நின்றார். கூப்பிட்டேன், பதில் இல்லை. டம்ளர் சாய்ந்து டீ முழுக்கக் காலில் கொட்டியது. கால் அசையவே இல்லை. பிறகு திடுக்கென்று விழித்து, "யாரு கொட்டினது?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போனார். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

இரவுச் சாப்பாட்டில் மறுபடியும். மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தூக்கம் பத்தலைம்மா" என்கிறார்.

ஆண்டவரே, சுகமாக்கும். வேறு ஜெபம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

காய்கறிக் கடையில் அவருடைய கண்டக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "அக்கா, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. சிக்னல் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கல. பின்னாடி ஒரே ஹாரன். நான் போய்த் தொட்டதும்தான் எடுத்தார்."

வீட்டில் கேட்டேன். சண்டை.

"இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா என் வண்டில? நீ வாயைத் திறந்தா என் வேலை போச்சு, தெரியுமா?"

தெரியும். அதனால்தானே வாயடைத்துக் கிடக்கிறேன்! ஐயோ, அந்த பஸ்ஸில் எத்தனை பேர்...

மார்ச் 7, வெள்ளி

அவருக்கு இன்று ஓய்வு. நல்லவேளை.

போதகரிடம் ஓடினேன். டெப்போவுக்கு நானே போன் பண்ணிவிடட்டுமா? பண்ணு என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்றிருந்தேன்.

"நாளைக்கு அவர் வண்டி எடுக்கக் கூடாது சிஸ்டர், அது நிச்சயம். ஆனா அவர் மனசு உடையாம அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியலை. ஆண்டவர்கிட்ட ஞானம் கேப்போம். கேட்டா கொடுக்கறவர்தானே?"

இருவரும் ஜெபித்தோம். அப்போதுதான் உறைத்தது. இதுவரை நான் கேட்டதெல்லாம் யாருக்கும் தெரியாமல் இது சரியாகிவிட வேண்டும் என்பதுதான். முதல்முறையாக, "எனக்குப் பேசத் தெரியவில்லை, சொல்லிக்கொடும்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். பெரிய பேச்சு.

சாயங்காலம் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்து, "அம்மா, நாளைக்கு அப்பா பஸ்லயே டியூஷனுக்குப் போகட்டுமா?" என்றாள்.

தயார் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"என்னங்க, அனுப்பட்டுமா?"

அவ்வளவுதான் கேட்டேன். குரலில் குத்தல் இல்லை. எப்படி இல்லாமல் போனது?

பிரஷ் நின்றது. மகளையே பார்த்தார். "வேணாம்" என்றார். ஷூவைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "காலையில நீயும் டெப்போவுக்கு வா."

மார்ச் 8

மேலாளரிடம் அவரே சொன்னார். எல்லாவற்றையும். சிக்னல் விஷயத்தையும்கூட.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். "நீங்களா வந்து சொன்னீங்களே, அது போதும். முதல்ல டாக்டரைப் பாருங்க."

வெளியே வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட ரோட்டில் பிடித்ததில்லை.

மார்ச் 14

ஒருவகை வலிப்பாம். துள்ளாது, துடிக்காது, நினைவு மட்டும் கொஞ்சம் தப்பும். மாத்திரைக்கு அடங்கும் என்றார் டாக்டர். ஆனால் இனி பஸ் ஓட்டக் கூடாது.

ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவரே. ஒருத்தருக்கும்.

மார்ச் 17

"உனக்கு இப்ப நிம்மதிதானே?" என்றார், வெடுக்கென்று.

நிம்மதிதான். சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விடவும் ஞானம் வேண்டித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

புதிய டிரைவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குப் பேசியிருக்கிறார்.

அழைத்துவரப் போயிருந்தேன். அவர் வழக்கமாக ஓட்டிய பஸ்ஸிலேயே திரும்பினோம். ஸ்டியரிங்கில் வேறொருவர். எனக்குத்தான் பக்கென்றிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த ரோட்ல இவ்வளவு மரம் இருக்கா?" என்றார். "தள்ளு, ஜன்னல் சீட்டு எனக்கு."

எழுந்து இடம் மாறிக்கொண்டேன்.